சாமையை விற்றுச் சர்க்கரை வாங்கலாமா?

போன கார்த்திகையில் விதைச் சாமை வாங்க ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். போளூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேர நடை. அறுப்பு முடிந்து களத்தில் தாள் குவிந்து கிடந்தது. விதை தருவதாகச் சொன்ன வீட்டு ஆயா, திண்ணையில் உட்கார்ந்ததுமே ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்தார். வாயில் வைத்தால் பாகு மாதிரி இனிப்பு.

"ஆயா, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

"விருந்தாளிக்குக் கம்மியா போட்டா நல்லாவா இருக்கும் தம்பி? எங்களுக்கும் இப்பல்லாம் இப்படிக் குடிச்சாத்தான் டீ குடிச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தவர், களத்தைக் காட்டினார். "எங்க அம்மா காலத்துல மூணு வேளையும் இதுதான். இப்ப இதை மூட்டை கட்டிக் கீழ அனுப்பிட்டு, ரேஷன் அரிசியும் சர்க்கரையும் தூக்கிட்டு மேல வரோம்."

எனக்குச் சுருக்கென்றது. கீழே இருக்கிற என் கதையும் அதேதானே!

நான் எட்டு வருஷமாக ரசாயனம் போடாமல் வெள்ளாமை செய்பவன். வீட்டுக்குள் வெள்ளைச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு, "சர்க்கரை வியாதியோட வாசல்ல நிக்கிறீங்க" என்று டாக்டர் சொன்னபோது நம்ப முடியவில்லை. வீட்டுக்காரம்மாதான் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். காலையில் தேன் தண்ணீர், நாலு வேளை நாட்டுச்சர்க்கரை டீ, சாப்பிட்டதும் ஒரு கட்டி வெல்லம், சந்தையில் சக உழவர் கொடுத்த தினை லட்டு இரண்டு. "எல்லாம் இயற்கைதானே" என்ற தைரியத்தில், முன்பு தின்றதைவிட இரண்டு மடங்கு இனிப்புத் தின்றிருக்கிறேன்.

இயற்கை இனிப்பும் இனிப்புதான்

இதை நம் ஆட்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை இவற்றில் கொஞ்சம் தாதுச்சத்து இருப்பது உண்மை. நஞ்சில்லாத கரும்பில் காய்ச்சியது நல்லது என்பதும் உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பங்கு சர்க்கரைதான். இரும்புச்சத்துக்காக வெல்லம் தின்பவர், அதற்குக் கீரை தின்றால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நாம் உண்ணும் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட இனிப்பின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. சராசரி ஆளுக்கு அந்த 5 சதவீதம் என்பது நாளுக்கு சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். தேனையும் பழச்சாற்றையும்கூட அந்த நிறுவனம் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. நாலு டீக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றாலே எட்டு ஆகிவிட்டது. லட்டு இன்னும் கணக்கில் வரவில்லை.

சரி, வெல்லத்துக்குப் பதில் இனிப்பு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? எடை குறைப்பதற்காக அந்த மாற்று இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் அதே நிறுவனம் சொல்லிவிட்டது. நாக்கைப் பழக்குவதுதான் வழி.

அதே 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13 கோடிப் பேருக்குமேல் என்னைப்போல வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இது ஊர்க்காரர்களையும் உழைப்பவர்களையும் விட்டுவைக்கும் நோய் இல்லை.

ஆசை எங்கிருந்து வருகிறது?

அன்று மதியம் ஆயா வீட்டில் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கீரைக் கடையல். சாமை வெள்ளை வெளேர் என்று இல்லை. தவிட்டோடு கொஞ்சம் மங்கலாக இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாயங்காலம் கீழே இறங்கும்போதுதான் கவனித்தேன்: வழக்கமாக நாலு மணிக்கு வருகிற இனிப்புத் தேட்டம் அன்று வரவே இல்லை.

காரணம் எளிமையானது. தீட்டிய அரிசிச் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் அது சீக்கிரம் செரித்து, ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. இன்சுலின் சுரந்து வேகமாக இறங்குகிறது. இறங்கும்போது உடம்பு "இன்னும் கொண்டா" என்று கேட்கிறது. நார்ச்சத்துள்ள தானியமும் பருப்பும் காயும் சேர்ந்தால் செரிமானம் நிதானமாகிறது, பசியும் நிதானமாகிறது. பெரும்பாலும் நம் இனிப்பு ஆசை நாக்கில் பிறப்பதில்லை. முந்தின வேளைச் சாப்பாட்டில் பிறக்கிறது.

இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். சாமையைப் பளபளவென்று தீட்டிவிட்டால் தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடும். தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கடித்துவிடும். அதனால்தான் கடைக்காரர்கள் தீட்டியதைக் கேட்கிறார்கள். நாம் தானியத்தைத் தோலோடு வைத்துக்கொண்டு, மாதத்துக்குத் தேவையானதை மட்டும் உடைத்துக்கொள்ளலாம். அதேபோல, மைய அரைத்த மாவுக் கஞ்சியைவிட முழுதாக வேகவைத்த சோறு மெதுவாகச் செரிக்கும். சாமைதானே என்று அளவில்லாமல் தின்றாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

நான் செய்து பார்த்தது

டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தேன். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் மூன்றாம் நாளே பழைய இடத்துக்கு வந்திருப்பேன். ஒன்றரை மாதத்தில், பழைய டீ எனக்கே திகட்டியது.

நாலு மணிக்கு வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ மோரோ தயாராக வைத்துக்கொண்டேன். பசியோடு இருக்கிறவன் கண்ணில்தான் லட்டு முதலில் படும்.

வெறும் வயிற்றில் இனிப்பு இல்லை. பொங்கலோ கல்யாண வீடோ என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம், ரசித்து. விசேஷத்துக்கு என்று இருந்த பண்டத்தை விசேஷத்துக்கே திருப்பிக் கொடுத்தேன்.

சாறு பிழிவதை விட்டு, பழத்தைக் கடித்துத் தின்கிறேன். ஜவ்வாது மலையில் பலா, சீத்தா, நாவல், நெல்லி என்று பருவத்துக்கு ஒன்று வருகிறது. அவற்றை அந்தந்தப் பருவத்தில் மட்டும் தின்பதே ஒரு கட்டுப்பாடுதான். சீத்தாவும் பலாவும் நல்ல இனிப்பு என்பதால் அளவு முக்கியம்.

இரவு சீக்கிரம் படுக்கிறேன். தூக்கம் கெட்ட மறுநாள் தீனி ஆசை கூடுவதை யாரும் சோதித்துப் பார்க்கலாம்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், சாப்பாட்டை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

முதல் மூட்டை வீட்டுக்கு

ஆயாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமையை உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. "கழுவிப் போட்டா வேகுற ரேஷன் அரிசிய வுட்டுட்டு, யாரு தம்பி தினம் குத்துவாங்க?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்திலேயே ஒரு தோல் உரிக்கும் எந்திரம் இருந்தால்தான் விளைவிக்கிறவர் வீட்டு அடுப்பில் சாமை வேகும். விலைக்காகக் குரல் கொடுக்கிற நாம், மலைக்கும் ஊருக்கும் அந்த எந்திரத்துக்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.

மதிப்புக்கூட்டுகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதிக்குப் பாதி வெல்லம் போட்ட சிறுதானிய லட்டை "சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது" என்று விற்காதீர்கள். நம்பி வாங்குகிறவர் நம் இயக்கத்தை நம்பித்தான் வாங்குகிறார்.

இந்த ஆடியில், கொண்டுவந்த விதையைக் கால் ஏக்கரில் தூவியிருக்கிறேன். மறு பரிசோதனையில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வாசலை விட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை. அறுப்பு முடிந்ததும் முதல் மூட்டை என் வீட்டுக்கு. மிச்சம்தான் சந்தைக்கு. நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.