எம்.பி.க்களின் பேச்சை அல்ல, வாக்கைப் பாருங்கள்

பாராளுமன்றத்தில் ஒரு முஸ்லிம் எம்.பி. சூடாகப் பேசினால், அன்று மாலைக்குள் அந்தக் காணொளி எங்கள் கொம்பனித்தெரு வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறது. ஆனால் அதே எம்.பி. வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டால் பலரிடமும் பதில் இல்லை. அமைச்சுப் பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினரின் கையில் இருக்கும் பெரிய ஆயுதமே அந்த ஒரு வாக்குத்தான்.

அதன் பெறுமதியை விளங்கிக்கொள்ள 2020 ஒக்டோபர் 22ஆம் திகதியை நினைவுபடுத்துவது போதும். ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்த 20ஆவது திருத்தம் அன்று நிறைவேறியது. ஆதரவு 156, எதிர்ப்பு 65. 225 பேர் கொண்ட சபையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு 150 வாக்குகள் தேவை. எதிரணியில் தெரிவான எட்டுப் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். 156இல் இருந்து எட்டைக் கழித்தால் 148. கணக்கு அவ்வளவுதான்.

அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் முஸ்லிம்கள்: எச்.எம்.எம். ஹரீஸ், பைசால் காசிம், எம்.எஸ். தௌபீக், நசீர் அஹமட், இஷாக் ரஹுமான், அலி சப்ரி ரஹீம். ரவூப் ஹக்கீமும் ரிஷாட் பதியுதீனும் எதிர்த்து வாக்களித்தனர். தலைவர் ஒரு பக்கம், உறுப்பினர்கள் மறுபக்கம்.

அப்போது எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக் கொண்டிருந்தன. சமூகத்தின் பிரச்சினைகளைத் தீர்க்கவே ஆதரித்தோம் என்று பின்னர் விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் அந்த வாக்குக்குப் பிறகுதான், டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. நல்லடக்கத்துக்கான வர்த்தமானி 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் வந்தது. இடையில் நான்கு மாதங்கள். வாக்குக்குப் பகரமாக ஏதாவது கிடைத்ததா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

அந்த ஆறு பேரும் கிழக்கு, அநுராதபுரம், புத்தளம் ஆகிய இடங்களில் தெரிவானவர்கள். கொழும்பில் வாழும் நாங்கள் அவர்களுக்கு விருப்பு வாக்கு அளிக்கவே முடியாது. ஆனாலும் அந்த வாக்கின் விளைவு எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. ஆகவே எமது மாவட்ட எம்.பி.யை மட்டும் பார்த்தால் போதாது.

கட்சி முடிவை மீறினால் என்ன நடக்கும்? 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை முஸ்லிம் காங்கிரஸின் தீர்மானத்துக்கு மாறாக ஆதரித்த நசீர் அஹமட், கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் சுற்றாடல் அமைச்சராகவும் பதவி வகித்தார். அரசியலமைப்பின் 99(13) உறுப்புரையின்படி, கட்சி உறுப்புரிமையை இழந்தவர் ஒரு மாதத்தில் ஆசனத்தையும் இழப்பார்; அதற்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அவர் நாடினார். நீக்கம் செல்லுபடியாகும் என்று 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அந்த ஆசனம் அலி ஸாஹிர் மௌலானாவுக்குச் சென்றது. தீர்ப்பு வருவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு வருடங்கள் கடந்துவிட்டன. தண்டனை உண்டு, ஆனால் தாமதமாகத்தான் வருகிறது.

வாக்குப் பதிவை எப்படிப் பார்ப்பது? சபாநாயகர் முதலில் குரல் மூலம் சபையின் கருத்தைக் கேட்பார். உறுப்பினர் ஒருவர் வாக்கெடுப்புக் கோரினால்தான் யார் ஆம், யார் இல்லை என்பது பெயருடன் ஹன்சாட்டில் பதிவாகும். கோராவிட்டால் பெயர்கள் பதிவாகா. குழுநிலையில் தனித்தனி வாசகங்களுக்கும் வாக்கெடுப்பு நடக்கலாம். 20ஆவது திருத்தத்தின் இரட்டைப் பிரஜாவுரிமை வாசகத்துக்கு அப்படித்தான் நடந்தது. மாறாக, 2022 ஜூலை 20ஆம் திகதி ரணில் விக்ரமசிங்க 134 வாக்குகளால் ஜனாதிபதியாகத் தெரிவானது இரகசிய வாக்கெடுப்பில். அதில் யார் எப்படி வாக்களித்தார் என்பதற்கு அவரவர் சொல் மட்டுமே சாட்சி.

வாக்களிப்பின்போது சபையில் இல்லாதவர்களையும் கவனிக்க வேண்டும். ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்று இரு தரப்புக்கும் நல்லவராக இருப்பதற்கு இதுவே இலகுவான வழி. வாய்மூல வினாக்கள், ஒத்திவைப்பு வேளைப் பிரேரணைகள், தனி உறுப்பினர் சட்டமூலங்கள் என்பவையும் ஒரு பின்வரிசை உறுப்பினரின் உழைப்பைக் காட்டும். ஹன்சாட்டில் உரைகள் பேசப்பட்ட மொழியிலேயே பதிவாகின்றன. பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மந்திரி.எல்கே தளமும் எம்.பி.க்களின் சபைச் செயற்பாடுகளைத் தொகுத்துத் தருகிறது. அங்கு கிடைக்காத தகவலை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

வாக்கு ஓர் அமானிதம் என்று தேர்தல் காலத்தில் எமக்கு நினைவூட்டும் வேட்பாளர்கள், சபைக்குள் சென்றபின் அந்த அமானிதத்தை என்ன செய்தார்கள் என்பதை நாம் கேட்க வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் அவரது உரையின் காணொளியைக் கேட்காதீர்கள். எந்தச் சட்டமூலத்துக்கு எப்படி வாக்களித்தீர்கள் என்று கேளுங்கள்.