கொட்டாங்கச்சிக்கு யோகம்!

தேங்காயைத் துருவிவிட்டுக் கொட்டாங்கச்சியைக் குப்பையில் போடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அம்மா! அதைக் கரியாக்கி, பழுக்கக் காய்ச்சி நீராவியைச் செலுத்தினால் உள்ளே எண்ணற்ற துளைகள் விழுகின்றன. ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு! (சென்னைக் கணக்கில் நாலரை கிரவுண்டு, பத்திரம்தான் கிடையாது.)

இதற்கும் ஹைட்ரஜன் காருக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காரின் மின்கலத்தில் ஹைட்ரஜன் சுலபமாக வேலை செய்துவிடும். பிராணவாயுதான் சண்டி மாடு. அதைப் பணிய வைக்கப் பிளாட்டினம் வேண்டும். விலையோ கேட்கவே வேண்டாம்!

வெறுங்கரிக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. கரியில் நைட்ரஜன் அணுக்களைச் சேர்த்தால்? நுண்ணிய கரிக் குழல்களில் அப்படிச் செய்து, காரக் கரைசலில் பிளாட்டினத்தையே மிஞ்சலாம் என்று 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். கொட்டாங்கச்சிக் கரியையும் அம்மோனியா வாயுவில் சுட்டு இப்படி மாற்றலாம். ஆனால், காரில் இருப்பதோ அமிலத் தன்மையுள்ள சவ்வு. அங்கே கரியின் பாச்சா இன்னும் அவ்வளவாகப் பலிக்கவில்லை.