எண்ணெயைக் காக்கும் விற்றமின் ஈ

சில வருடங்களுக்கு முன், சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தல்களை என் கடை வாசலில் வெயில் படும்படி அழகாக அடுக்கி வைத்திருந்தேன். காலாவதித் திகதிக்கு முன்பே எண்ணெய் காறிவிட்டதென, நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர் போத்தலைத் திருப்பித் தந்தார். நட்டத்தை விட வெட்கமே பெரிதாக இருந்தது.

காரணத்தைத் தேடியபோதுதான் விற்றமின் ஈ பற்றி அறிந்தேன். 1922இல் கலிபோர்னியாவில் ஹேர்பட் எவன்ஸும் கத்தரின் பிஷப்பும் கண்டறிந்த இது, தாவரங்கள் தமது கொழுப்பைக் காக்க உருவாக்கும் இயற்கைச் சேர்வை. ஒட்சிசன் கொழுப்பைத் தாக்கும்போது விற்றமின் ஈ முன்னின்று தன்னை இழக்கிறது. வெயிலும் சூடும் காற்றும் அதை விரைவில் தீர்த்துவிடும். பின்னர் எண்ணெய் காறும்.

நமது உடற்கலங்களின் கொழுப்புச் சவ்வையும் இதுவே காக்கிறது. இதன் எட்டு வடிவங்களில் அல்பா டொக்கோபெரோலையே ஈரல் தெரிந்தெடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. 100 கிராம் பாதாமில் சுமார் 25 மில்லிகிராம் விற்றமின் ஈ உண்டு. தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. ஆயினும் அதன் கொழுப்பு இலகுவில் காறாது.

ஆகவே வியாபாரிகளே, எண்ணெய், கச்சான், பாதாம் ஆகியவற்றை நன்கு மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய சரக்கை முதலில் விற்றுவிடுங்கள். சரக்கின் தரத்தைக் காப்பதும் நாணயத்தில் ஒரு பகுதியே.