களைக்கொல்லியின் கதை – 7: ‘மெரிட்’ ஏன் செத்தது?

களைக்கொல்லியைத் தாங்கும் பயிர் என்றதும் மரபணு மாற்றிய சோயாவும் பருத்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. போன வாரம் அவற்றைத்தான் பார்த்தோம். ஆனால், மரபணு மாற்றமே செய்யாத காய்கறி ரகங்களிலும் ஒரே மருந்துக்கு ஒன்று தாங்கும், இன்னொன்று கருகும். ஸ்வீட் கார்னே இதற்குச் சாட்சி.

அமெரிக்காவில் 1990இல் நிகோசல்ஃப்யூரான் விற்பனைக்கு வந்தது. புல்வகைக் களைகள் சாகும், மக்காச்சோளம் பிழைக்கும் என்பதே அதன் பெருமை. தானியத்துக்கு விதைத்த மக்காச்சோளத்தில் பெரும்பாலும் அப்படியே நடந்தது. ஸ்வீட் கார்னிலோ, ‘மெரிட்’ போன்ற சில வீரிய ஒட்டு ரகங்கள் மருந்து பட்டதும் குருத்து வெளிறி, வளர்ச்சி நின்று, செத்தே போயின. 2001இல் வந்த மீசோட்ரையோன் முற்றிலும் வேறு வழியில் கொல்லும் மருந்து, இலையை வெளுக்கடித்துவிடும். மெரிட் அதற்கும் தப்பவில்லை.

இரு மருந்துக்கும் ஒரே ரகம் ஏன் விழ வேண்டும்? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு பட்டாக்கி, அமெரிக்க வேளாண் துறையின் மார்ட்டின் வில்லியம்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் இந்த முடிச்சை அவிழ்த்தன. மக்காச்சோளம் பிழைப்பது, உள்ளே போன நஞ்சை பி450 வகை நொதி ஒன்று உடைத்துப்போடுவதால்தான். அந்த ஒரே நொதி பல மருந்துகளை உடைக்கும். அதற்கான மரபணு தாய், தந்தை இரு வழியிலும் பழுதாக வந்தால் பயிர் பலத்த அடி வாங்கும். ஒரு வழியில் மட்டும் பழுதென்றால் சேதம் இடைப்பட்டதாக இருக்கும். இரண்டும் நல்லதென்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

பழுதான மரபணு இத்தனை காலம் ஒளிந்திருந்ததில் வியப்பில்லை. ரகத்தை உருவாக்குகிறவர்கள் பார்ப்பது இனிப்பு, மணி, நோய் எதிர்ப்பு. அவர்கள் வயலில் இந்த மருந்தை அடித்துப் பார்க்காதவரை குறை வெளியே தெரிய வழியில்லை. விதை பாக்கெட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. முளைப்புத்திறனை அச்சிடுகிறவர்கள் இதையும் அச்சிடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

நல்ல மரபணு இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் அந்த நொதியைத் தடுக்கக்கூடியவை. நிகோசல்ஃப்யூரானோடு அவற்றைச் சேர்த்தால், தாங்கும் ரகமும் கருக வாய்ப்பு உண்டு. கூலி மிச்சம் என்று ஒரே டேங்கில் இரண்டையும் கலந்து அடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. படைப்புழுவுக்கும் களைக்கும் ஒரே நடையில் வேலை முடிந்துவிடும் என்ற கணக்கு அது.

நம் ஊரிலும் மக்காச்சோளத்துக்கு டெம்போட்ரையோன் அடிக்கிறார்கள். அது மீசோட்ரையோனின் குடும்பம். ஸ்வீட் கார்ன் போட்டவர்கள் பக்கத்து வயலின் மக்காச்சோளத்தைப் பார்த்து அதே மருந்தை அடிக்க வேண்டாம். ரகம் புதிது என்றால் முதலில் ஒரே ஒரு பாரில் அடித்து, இரண்டு வாரம் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.