இயந்திரச் செல்லப்பிராணிகள்: உறவும் பொறுப்பும்

ஜப்பானின் சிபா மாநிலத்தில் உள்ள இசுமி நகரில் கோஃபுகுஜி என்னும் பழைய பௌத்தக் கோயில் ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டு முதல் அங்கு இயந்திர நாய்களுக்கு நீத்தார் சடங்கு நடைபெறலாயிற்று. வரிசையாக அமர்த்தப்பட்ட நாய்கள் ஒவ்வொன்றன்மீதும் அது எவ்வூரிலிருந்து வந்தது, எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று குறிக்கும் சீட்டு கட்டப்பட்டிருக்கும். துறவி மந்திரம் ஓதுவார். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற்குள் ஏறத்தாழ 800 இயந்திர நாய்கள் இவ்வாறு வழியனுப்பப்பட்டன. தேய்ந்து முறிந்த தையல் ஊசிகளுக்கும் வழிபாடு நடத்தும் மரபுடைய நாடு அது. ஆகவே இச்சடங்கினை அம்மரபின் நீட்சி எனக் கொள்ளலாம். ஆயினும் ஊசிக்கு எவரும் பெயர் வைத்து அழைத்ததில்லை.

அவை சோனி நிறுவனத்தின் 'ஐபோ' நாய்கள். ஜப்பானிய மொழியில் இச்சொல்லின் ஒலி 'கூட்டாளி' என்ற பொருளையும் தரும். 1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 2,50,000 யென் விலையில் இணையவழி விற்பனைக்கு வந்தபோது, ஜப்பானுக்கென ஒதுக்கப்பட்ட 3,000 நாய்களும் 20 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. உண்ணாத, நோயுறாத, முதுமையடையாத நாய் என்பதே அதன் கவர்ச்சி. வாங்கியோர் பலர், உயிருள்ள நாயை அன்றாடம் வெளியே அழைத்துச் செல்ல இயலாதோரும் வளர்த்த நாயை இழந்து மற்றொரு பிரிவைத் தாங்க அஞ்சியோரும் ஆவர் எனக் கருத இடமுண்டு. வீட்டு விதிகளும் ஒரு காரணமாக அமையும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் இருந்த தடை 2024ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் நீங்கியது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மருத்துவப் பயன் கருதி உருவாக்கப்பட்டது 'பாரோ' என்னும் இயந்திரக் கடல்நாய்க் குட்டி. இதனை உருவாக்கிய தக்கானோரி ஷிபாத்தா முதலில் நாய், பூனை வடிவங்களையே முயன்றார். அவற்றைக் கண்டோர் உண்மையான விலங்குகளோடு ஒப்பிட்டுக் குறை கண்டனர். கடல்நாய்க் குட்டியை மடியில் வைத்துப் பழகியவர் அரிதாகையால் அவ்வொப்பீடு எழவில்லை. வெண்ணிற மென்மயிர் போர்த்திய, சுமார் 2.7 கிலோ எடையுள்ள இக்கருவியை 2009ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவச் சாதனமாக வகைப்படுத்தியது. நினைவிழப்பு நோயுற்ற முதியோர் இதனைத் தடவிக்கொடுத்துப் பேசுகின்றனர். அதுவும் தலை திருப்பிக் குரல் கொடுக்கின்றது.

இத்தகைய கருவி தனிமையைக் குறைக்குமா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் முதியோர் இல்லவாசிகளிடம் நிகழ்த்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில் ஒரு குழுவினரை உயிருள்ள நாயும் மற்றொரு குழுவினரை ஐபோவும் வாரந்தோறும் சந்தித்தன. மூன்றாவது குழுவினருக்கு எதுவும் இல்லை. முதலிரு குழுவினரிடமும் தனிமையுணர்வு குறைந்தது. அவ்விரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு வலுவானதே. ஆனால் வாரம் ஒருமுறை வந்துபோகும் விருந்தினரை உடனுறையும் துணையாகக் கொள்ளுதல் இயலாது. ஆஸ்திரேலிய மெய்யியலாளர் ராபர்ட் ஸ்பாரோ 2002ஆம் ஆண்டிலேயே கடுமையானதொரு மறுப்பை முன்வைத்தார். இயந்திரம் தம்மை நேசிப்பதாகத் தவறாக எண்ணுவதனாலேயே முதியோர் இன்பம் அடைகின்றனர். ஆகவே அது ஏமாற்று என்பது அவர் வாதம். இவ்வாதம் அறவியல் நோக்கில் நேரியது எனினும், சீட்டில் குடும்பப் பெயரெழுதி அனுப்பியோரைக் கருதுங்கால் போதாது எனத் தோன்றுகிறது. அது இயந்திரம் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

தமிழாசிரியர்க்கு இங்கு ஓர் இலக்கணச் சிக்கலும் உண்டு. ஜப்பானிய மொழியில் 'இருக்கிறது' என்பதற்கு உயிருடையனவற்றுக்கு ஒரு வினையும் உயிரற்றனவற்றுக்கு வேறொரு வினையும் வழங்குகின்றன. தமிழிலோ நாயும் கல்லும் ஒருங்கே அஃறிணை; நாயும் அது, இயந்திர நாயும் அது. உவப்பினால் பசுவை 'அம்மை' என்றழைப்பதற்கு இடந்தரும் நன்னூல், இயந்திர நாயை 'இவன்' என்ற என் மாணவியையும் குற்றங் கூறாது. வேறுபாட்டை வேண்டுவோர் தொல்காப்பிய மரபியலை நாட வேண்டும். அங்கு அறிவு ஊற்றுணர்வில் தொடங்கி, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி எனப் படிப்படியாக ஏறுகிறது. பாரோவுக்குத் தொடுகையும் ஒளியும் ஒலியும் உணரும் உணரிகள் உண்டு. சுவையும் நாற்றமும் இல்லை. இடையிரு படிகளைத் தாண்டியேறிய உயிர் அவ்வைப்பில் இல்லை.

சுவையின்மை என்பது பசியின்மையே. பசியற்ற ஒன்றிடம் மனிதர் எளிதில் பற்றுக் கொள்வதில்லை என்பதை இக்கருவிகளைச் செய்தோர் நன்குணர்ந்திருந்தனர் போலும். பாரோவின் மின்னேற்றுக் கருவி குழந்தைகளின் சூப்பான் வடிவில் அமைந்துள்ளது. வாயில் வைத்தே மின்னூட்ட வேண்டும். 1996இல் வெளிவந்த 'தமகோச்சி' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியோ, ஊட்டாவிட்டால் திரையில் இறந்தே போகும். நம்மை நாடும் ஒன்றைப் பேணும்போதுதான் உறவு பிறக்கின்றது. நாடுதல் புனைவாயினும் பேணுதல் உண்மையாகவே நிகழ்கிறது.

எனவே, அது உணருமா என்பதைவிட, அவ்வாறு பிறந்த உறவுக்கு எவர் பொறுப்பு என்பதே முதன்மையான வினாவாகும். சோனி 2006இல் ஐபோ உற்பத்தியை நிறுத்தியது. 2014இல் பழுதுபார்க்கும் சேவையையும் முடித்துக்கொண்டது. இறவாத நாய் அன்று முதல் இறக்கத் தொடங்கிற்று. மூட்டு தேய்ந்த ஐபோவுக்கு மாற்றுறுப்பு மற்றோர் ஐபோவின் உடலிலன்றிக் கிடைக்கவில்லை. சோனியின் முன்னாள் பொறியாளர்களைக் கொண்ட ஏ-ஃபன் என்னும் சிறு நிறுவனம் அப்பணியை ஏற்றது. பாகங்களைக் கழற்றுமுன் செய்யும் மரியாதையே கோயிற்சடங்கு. உயிருள்ள நாயின் இறப்பு இயற்கையின் செயல். இது ஓர் அலுவலகத்தின் முடிவு.

2018ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய ஐபோ 1,98,000 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. அதன் நினைவுகள் நிறுவனத்தின் கணினி வழங்கிகளில் சேமிக்கப்படுகின்றன. அதற்கென மூன்றாண்டுச் சேவைக் கட்டணமாக மேலும் 90,000 யென் செலுத்த வேண்டியிருந்தது. நம் முதியோர் இல்லங்கள் இத்தகைய துணையை வாங்க முற்படுங்கால், அதன் மென்மயிரையும் குரலையும் நோக்குமுன், எத்தனை ஆண்டுகளுக்கு மாற்றுறுப்புகள் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குதல் நலம். அதனை நாள்தோறும் மடியில் வைத்திருக்கப்போகும் முதியவர் அவ்வினாவைக் கேட்கும் நிலையில் இரார்.