இரண்டு மணி என்றால் எத்தனை மணி?

அயல்நாட்டுக்குச் சென்று பாடம் சொல்லிக் கொடுப்பது நல்ல சம்பளத்தோடு ஊர் சுற்றிப் பார்க்கும் சுகமான உத்தியோகம் என்று எண்ணுவோர் உண்டு. நான் பள்ளியில் படித்த நாளில் எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர், எத்தியோப்பியாவில் சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பியவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

1936 முதல் 1941 வரை இத்தாலியப் படைகள் அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்தன. படித்தவர்களில் பலர் கொல்லப்பட்டனர்; பள்ளிகள் சீர்குலைந்தன. பேரரசர் ஹைலே செலாசி நாடு திரும்பிப் பள்ளிகளை மீண்டும் திறந்தபோது ஆசிரியர்களுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழி. ஆகவே இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களுள் கேரளத்தவர் பலர், தமிழரும் இருந்தனர். 1974-இல் பேரரசர் பதவி இழக்கும் முன்பே, நாட்டின் பல மூலைகளிலும் இந்திய ஆசிரியர் என்பவர் பழகிப்போன முகமாகிவிட்டார்.

முதல் சங்கடம் மூச்சிலேயே தொடங்கிற்றாம். தலைநகரான அடிஸ் அபாபா நம் உதகமண்டலத்தினும் உயரமானது. சமவெளியில் வளர்ந்தவர் இரண்டு படி ஏறி ஒரு சூத்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இளைத்துப் போவார். அடுத்தது பெயர். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன. பின்னால் இருப்பது குடும்பப் பெயராக இருக்கும் என்று எண்ணி, மரியாதையாக அதைச் சொல்லி அழைத்தார். வகுப்பு முழுதும் சிரித்தது. அவர் அழைத்ததெல்லாம் பையன்களின் தகப்பனார்களை! 1960-இல் ரோம் நகரில் வெறுங்காலுடன் ஓடி மாரத்தான் பந்தயத்தில் வென்ற அபெபெ பிகிலாவை உலகப் பத்திரிகைகள் ‘பிகிலா’ என்று எழுதினவே, அதுவும் அவருடைய தந்தையின் பெயர்தான். தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகச் சுமந்து திரியும் தமிழனுக்கு இது உடனே விளங்கியிருக்க வேண்டும். “எனக்கு விளங்கவில்லையே!” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எழுத்து மட்டும் அவருக்கு எளிதாக வந்தது. அம்ஹாரிக் மொழியில் 33 அடிப்படை எழுத்துகள். ஒவ்வொன்றும் ஏழு உயிரோசைகளுக்கேற்ப ஏழு வடிவம் கொண்டு 231 ஆகின்றன. நம் உயிர்மெய் வரிசை போன்றதுதான். 247 எழுத்துகளை மனப்பாடம் செய்தவனை 231 என்ன செய்யும்?

ஆனால் தலையசைப்பு அவரைப் படுத்தியது. மாணவன் சரியான விடை சொன்னால், நம் வழக்கப்படி தலையை இருபுறமும் மெல்ல ஆட்டுவார். பையனோ ‘தவறு’ என்று எண்ணி விடையை மாற்றிவிடுவான். அவர்கள் ‘ஆம்’ என்று சொல்லும் விதமோ இன்னும் விசித்திரமானது. வாயால் சட்டென மூச்சை உள்ளிழுப்பார்கள், அவ்வளவே. திடுக்கிட்டவர் எழுப்பும் ஓசை போலிருக்கும்.

ஆண்டுக் கணக்கும் வேறு. அங்கே ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள்: முப்பது நாள் கொண்டவை பன்னிரண்டு, ஐந்து அல்லது ஆறு நாள் கொண்டது ஒன்று. புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கும். நம் ஆண்டு எண்ணைவிட அவர்களுடையது ஏழோ எட்டோ குறைவு. ஆகவே பையன் சொன்ன பிறந்த ஆண்டை அப்படியே எடுத்துக் கழித்தால், பதினைந்து வயதுச் சிறுவன் இருபத்து மூன்று வயதுக் காளையாகிவிடுவான்.

இவற்றையெல்லாம்விட அவரை வாட்டியது கடிகாரம். பூமத்திய ரேகைக்கு அதிகத் தொலைவில்லாத நாடு ஆதலால், அங்கே சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுதும் பெரிதும் மாறுவதில்லை. எனவே உதயத்திலிருந்தே மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு, அவர்களுக்கு ஒன்று. நமக்கு எட்டு, அவர்களுக்கு இரண்டு. நியாயமான கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. நள்ளிரவில் எல்லோரும் உறங்கும்போது நாளைத் தொடங்குவதுதான் யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. “பள்ளி இரண்டு மணிக்கு” என்று கேட்ட நம் ஆசிரியர், முதல் நாள் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று சிரித்தவர்களோடு தாமும் சிரித்துவிட்டார்.

சில மாதங்களுக்குப் பின் நடந்தது சிரிப்பல்ல. “நாளை ஒன்பது மணிக்குப் பரீட்சை” என்று வகுப்பில் அறிவித்தார். நகரத்துப் பிள்ளைகளுக்கு அயல்நாட்டார் கடிகாரம் தெரியும். காலையில் வந்து எழுதினார்கள். மலைக் கிராமத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மட்டும் வரவில்லை. ஏட்டில் பூஜ்யம் விழுந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அவன் பேனாவும் கையுமாக வந்து நின்றான். “சோம்பேறியா நீ? பரீட்சையைவிட உறக்கம் பெரிதா?” என்று இவர் அதட்டினார். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் சட்டென மூச்சை இழுத்தான். மூச்சிழுப்பின் பொருள் அறிந்திருந்தும், கோபத்தில் அவருக்கு அது பரிகாசமாகவே பட்டது. வெளியே போகச் சொன்னார். அவன் போய் வாயிற்படியில் அமர்ந்தான்.

அவ்வூர் ஆசிரியர் ஒருவர் வந்து அவனை விசாரித்தார். விடியுமுன் புறப்பட்டு, அவனுடைய ஒன்பது மணிக்குச் சரியாக வந்திருக்கிறான். ஆசிரியர் வேகமாகப் பேசிய ஆங்கிலம் பாதி விளங்கவில்லை. பெரியவர் சொன்னதற்கு மறுப்புக் கூறக்கூடாது என்று ‘ஆம், ஆம்’ என்றிருக்கிறான்.

நம் ஆசிரியர் வாயிற்படிக்குப் போய் அவன் பக்கத்திலேயே அமர்ந்தாராம். தெரிந்த நான்கு அம்ஹாரிக் சொற்களில் மன்னிப்புக் கேட்டார். புதிய வினாத்தாள் ஒன்றைக் கையால் எழுதிக் கொடுத்து, இருட்டும்வரை காத்திருந்தார். பையன் பத்துக்கு ஏழு கணக்குகளைச் சரியாகப் போட்டிருந்தான். அன்றிரவு அவன் ஊர் திரும்ப முடியாது. ஆசிரியர் வீட்டிலேயே படுத்துக்கொண்டான். இவர் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு அவன் மூச்சை இழுத்தானாம். அது ‘ஆம்’ என்பதா, மிளகின் காரமா என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் முதல் கரும்பலகையில் இரண்டு நேரங்களையும் எழுதத் தொடங்கினார். ஊர் திரும்பி எங்களுக்குப் பரீட்சை அறிவிக்கும்போதும் ‘காலை’ என்ற சொல்லின் கீழ் இரட்டைக் கோடு இழுப்பார். காரணம் தெரியுமுன் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு.