உங்களுக்குத் தெரியுமா? – கதவைத் தாண்டிப் போன பிள்ளைகள்

வேற்றுலகத்துக்குப் போன குழந்தை வீடு திரும்பியதும் கதை முடிந்துவிடும். 1865-இல் வெளிவந்த ஆலிஸ் கதையிலிருந்தே இப்படித்தான். அமெரிக்க எழுத்தாளர் ஷானன் மெக்வயர், அந்த இடத்தில்தான் கதையைத் தொடங்குகிறார். திரும்பி வந்தபின் பிறந்த வீட்டிலேயே ஒட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்காக ஓர் உறைவிடப் பள்ளி. அதை நடத்தும் எலினோர் வெஸ்ட்டும் சிறு வயதில் ஒரு மாயக் கதவைத் தாண்டி வேற்றுலகத்துக்குப் போனவர்தான். இந்தப் பள்ளியை மையமாகக் கொண்டதுதான் 'வேவர்ட் சில்ட்ரன்' குறுநாவல் வரிசை.

2016-இல் வந்த முதல் நூல் 'எவ்ரி ஹார்ட் எ டோர்வே' ஹ்யூகோ, நெபுலா, லோகஸ் என்று மூன்று விருதுகளையும் அள்ளியது. 2022-இல் வரிசை முழுவதற்குமே ஹ்யூகோ கிடைத்தது.

ஹ்யூகோ விதிப்படி 17,500 முதல் 40,000 சொற்கள் வரை இருந்தால் அது குறுநாவல். ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்தால் விளக்கேற்றும் நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

இந்த வரிசையில் இரட்டைப்படை எண் நூல்கள் பெரும்பாலும் தனிக்கதைகள். ஒருவர் கதவைக் கண்டதையும் அதன்பின் நடந்ததையும் சொல்பவை. பள்ளியில் இருப்பவர்களின் கதை ஒற்றைப்படை நூல்களில் தொடரும். அதனால் நடுவிலிருந்தும் துணிந்து தொடங்கலாம்.

ஆனால் நான்காவது நூலான 'இன் ஆன் ஆப்சென்ட் ட்ரீம்' (2019) மட்டும் முதல் நூலுக்குப் பிறகு படித்தால்தான் முழுதாக நெஞ்சில் இறங்கும். 1960-களில் வளரும் லண்டி, தலைமை ஆசிரியரின் மகள். தோழிகள் இல்லாத புத்தகப்புழு. ஒரு மரத்தில் தெரியும் கதவு வழியே 'காப்ளின் மார்க்கெட்' என்ற சந்தைக்குப் போகிறாள். அங்கே எதையும் இலவசமாகக் கேட்கக் கூடாது. வாங்கியதற்கு நியாயமான ஈடு கொடுத்தே ஆகவேண்டும். கடன் ஏறினால் தோலில் இறகு முளைக்கும். தீராவிட்டால் பறவையாகவே மாறிவிட வேண்டியதுதான். பதினெட்டு வயதுக்குள் இந்த உலகமா, அந்த உலகமா என்று அவள் முடிவு செய்ய வேண்டும். அங்கே உயிர்த்தோழி, இங்கே தங்கை. முதல் நூலில் இதே லண்டியை, வயது பின்னோக்கி ஓடும், சிறுமி உருவத்துப் பெரியவளாக நாம் பார்த்திருக்கிறோம். அவள் பேரம் எங்கே போய் முடியும் என்று தெரிந்துகொண்டே படிக்கையில், கொஞ்சம் கொஞ்சமாய் ஏறும் ஒவ்வொரு கடனும் நம்மைப் பதற வைக்கிறது. வரிசையில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

எந்த வரிசையில் படிப்பது என்ற வழக்கு, வேற்றுலகத்துக்குப் போகும் பிள்ளைகளின் இன்னொரு கதை வரிசையான நார்னியாவுக்கும் உண்டு. 1955-இல் ஆறாவதாக வெளிவந்த 'த மெஜீஷியன்ஸ் நெஃப்யூ', கதைக் காலப்படி முதலாவது என்பதால் பிற்காலப் பதிப்புகளில் ஒன்றாம் எண் பெற்றது. வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள் என்பேன். தெருவிளக்கு ஒன்று நார்னியாவின் காட்டுக்குள் ஏன் நிற்கிறது என்ற வியப்பை முதலிலேயே தீர்த்துக்கொள்ளக் கூடாது.

மீண்டும் மெக்வயருக்கு வருவோம். 'வேவர்ட் சில்ட்ரன்' வரிசையின் எட்டாவது நூல் 'லாஸ்ட் இன் த மொமென்ட் அண்ட் ஃபவுண்ட்' (2023). ஆன்ட்ஸி என்ற சிறுமி, மாற்றாந்தந்தைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடி, தொலைந்த பொருள்கள் வந்து சேரும் கடைக்குள் நுழைகிறாள். அங்கே ஒவ்வொரு கதவும் திறக்கும்போது அவள் ஆயுளில் சில நாட்கள் கழிந்துவிடும். அது அவளுக்குத் தெரியாது. இந்த நூலின் தொடக்கத்தில் மெக்வயர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்: வீட்டில் விபரீதம் எதுவும் நடப்பதற்கு முன்பே ஆன்ட்ஸி தப்பிவிடுவாள் என்று. அதே போன்ற வீட்டில் வளர்ந்த வாசகர் யாரேனும் இருந்தால், அவர் அச்சமில்லாமல் பக்கத்தைத் திருப்பட்டும் என்பதற்காக.